லுக்குட் தோட்டத்துக்கு வந்த குளிர்காலம்

1951 டிசம்பரில், மலாயாவில், லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்குக் குளிர்காலம் வந்தது. கொண்டுவந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அங்கே கணக்கெழுதிய சிவசிதம்பரம் கிராணி.

வெயில் தாங்கவில்லை என்று பெரிய துரையும் துரைசானியும் கேமரன் மலைக்குக் கிளம்பிய வாரம் அது. வழியில் கம்யூனிஸ்டுகள் சுடலாம் என்பதால் கவச வண்டியில் போனார்கள். அந்த வண்டியில் நாய்க்கு இடமில்லை. ஹெக்டர் என்ற அந்த நாய்க்குக் காது தரையில் புரளும், உடம்பெல்லாம் முடி. துரைசானி வண்டியில் ஏறும்போது ஒரு இங்கிலீஷ் பத்திரிகையைக் கிராணியின் கையில் திணித்தாள். நாயை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எல்லாம் அதில் இருக்கிறது, படித்துக்கொள் என்றாள்.

கிராணி நின்றபடியே படித்தார். 'குளிர்காலத்தில் உங்கள் நாய்' என்பது தலைப்பு. லண்டனில் அச்சானது.

வேறு யாராவது சிரித்திருப்பார்கள். சிவசிதம்பரம் சிரிக்க முடியாத இடத்தில் இருந்தார். தோட்டத்துப் பெரிய கிராணி ஜனவரியில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலிக்கும், அதோடு வரும் ஓட்டுக் கூரை போட்ட வீட்டுக்கும் இரண்டு பேர் இருந்தார்கள்: இருபத்திரண்டு வருடம் துரையின் முன்னால் நாற்காலியில் உட்காராத சிவசிதம்பரம்; இரண்டே வருடத்தில் உட்காரக் கற்றுக்கொண்ட கணேசமூர்த்தி. மலையிலிருந்து திரும்பி வந்ததும் துரை முடிவு சொல்வார். நாய் தன் கையில் வந்ததைத் தேர்வுத்தாள் வந்ததாகவே சிவசிதம்பரம் எடுத்துக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ," என்றாள் மனைவி மங்கையற்கரசி, விசிறிக்கொண்டே. "இஞ்சை எங்கை குளிர்காலம்?"

"இதில டிசம்பர் எண்டு போட்டிருக்கு. இப்ப என்ன மாதம்?"

"டிசம்பர்."

"பிறகென்ன? துரைசானி பிழையாக் குடுப்பாவே?"

கட்டுரை சொன்னபடி நாய்க்குக் கம்பளி வேண்டியிருந்தது. சிரம்பான் ஸ்டூடியோவில் படம் எடுக்க ஒருமுறை மட்டும் போட்ட கம்பளிக் கோட்டைக் கிராணி வெட்டக் கொடுத்தார். மங்கையற்கரசி அதில் நாலு காலுக்கு நாலு ஓட்டை வைத்துத் தைத்தாள். கணப்படுப்பு வேண்டியிருந்தது. துரையின் பங்களாவில் அது இல்லாததால் கரியடுப்பு ஒன்றை மூட்டி, ஜன்னல்களைச் சாத்தி, பக்கத்தில் நாயைப் படுக்கவைத்தார்கள். குளிரைத் தாங்கக் கூடுதல் இறைச்சி கொடுக்கச் சொல்லியிருந்தது. சைவரான கிராணி மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைச் சமையற்கட்டில் வேலைக்காரர்கள் மாட்டியிருந்த முருகன் படத்துப் பக்கம் திருப்பி நிற்க, பங்களா வேலைக்காரி ராக்கம்மா டின் மாட்டிறைச்சியைத் திறந்து போட்டாள். வேளைக்கு ஒரு கரண்டி மீன் எண்ணெயும் உண்டு. பாதத்தில் ஒட்டிய பனியைத் துடைக்கவும் என்றும் ஒரு வரி இருந்தது. பனிக்கு வழியில்லை. வெறும் பாதத்தைத் துடைத்தார்கள்.

"நாக்கு தொங்குதுங்கய்யா," என்றாள் ராக்கம்மா. "கோட்ட கழட்டிட்டா தேவலாம்லா."

"குளிரில மூச்சு வாங்குது. இன்னும் கொஞ்சம் கரி போடு."

"எனக்கே வேர்த்து ஊத்துதுங்க."

"நீ என்ன நாயே?"

ராக்கம்மா கரி போட்டாள். அவள் வீட்டுக்கு வாரத்துக்கு அளந்து கொடுத்த அரிசியில் கஞ்சிதான் வைக்க முடிந்தது. அதுபற்றி எந்தப் பத்திரிகையிலும் கட்டுரை வரவில்லை.

காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அப்போது சட்டம். முள்வேலிக்கு வெளியே ஒரு பருக்கை போகக் கூடாது. டின் உணவைக்கூட, சேர்த்து வைக்க முடியாதபடி, ஓட்டை போட்டுத்தான் கடையில் விற்க வேண்டும். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் வெறும் வயிற்றோடு போய், வேலை முடிந்து வேலிக்குள் வந்துதான் சாப்பிட வேண்டும். கேட்டில் சோதனை போடுவது போலீஸ்காரன் வேலை. ஆனால் சிவசிதம்பரம் தினமும் விடியற்காலையில் தானாகவே அங்கே போய் நின்று, பெண்களின் தேநீர்ப் போத்தலை மோந்து பார்ப்பார். நவம்பரில் பஞ்சாலை என்ற பால்வெட்டுக்காரியின் மடியிலிருந்து அவித்த மரவள்ளிக்கிழங்கு ஒரு துண்டைக் கண்டுபிடித்தவர் அவர்தான். பஞ்சாலை மூன்று நாள் லாக்கப்பில் இருந்தாள். கேட்டில் காவலுக்கு நின்ற தங்கராஜுவுக்கும் அன்று வசவு கிடைத்தது. அவன் முன்பு அதே தோட்டத்தில் புல் வெட்டியவன். இப்போது துப்பாக்கியோடு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்.

"சட்டம் எண்டா எல்லாருக்கும் ஒண்டுதான், விளங்குதே?" என்று கிராணி அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

தங்கராஜுவுக்கு விளங்கியது.

குளிர்காலத்தின் ஆறாம் நாள் மத்தியானம் ரப்பர் லோரி வந்தபோது கேட்டைத் திறந்தார்கள். கம்பளிக் கோட்டோடு ஹெக்டர் லோரிக்கு அடியில் புகுந்து வெளியே ஓடியது. வேலிக்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் ஒரு சேற்றுப் பள்ளம். நாய் அதில் கழுத்து வரை இறங்கி, கண்ணை மூடிக்கொண்டது. கிராணி வேலிக்குள் நின்று "ஹெக்டர், கம் ஹியர்" என்று அதிகாரமாகவும், பிறகு "ப்ளீஸ்" சேர்த்தும் கூப்பிட்டார். நாய் வாலைக்கூட ஆட்டவில்லை. சேற்றில் நாய் விறைத்துச் செத்தால் பெரிய கிராணி வேலை யாருக்கு என்று அவருக்குத் தெரியும்.

பங்களாவுக்கு ஓடினார். திறக்காத மாட்டிறைச்சி டின் இரண்டு, மீன் எண்ணெய்ப் போத்தல், ஒரு கம்பளிப் போர்வை. அள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். சட்டம் அவருக்கு மறக்கவில்லை. அது கூலியாட்களின் சோற்றுக்கு உள்ள சட்டம், துரை வீட்டு டின்னுக்கு இல்லை என்பது அவர் எண்ணம். இருபத்திரண்டு வருடக் கிராணி வேலையில் மெல்ல மெல்ல வந்து சேர்ந்த எண்ணம் அது.

"என்னாங்கய்யா கையில?" என்றான் தங்கராஜு.

"நாய்க்கு."

"நாய் எங்கங்க?"

"வெளியில."

"வெளியில யாரு யாரு இருக்காங்கனு உங்களுக்குத் தெரியாததாங்கய்யா?" தங்கராஜு டின்னை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "டின்ல ஓட்டையே போடல. இது எத்தன மாசம் வேணும்னாலும் காட்டுல கெடக்கும்லா."

"டேய், நான் ஆர் எண்டு தெரியாதோ?"

தங்கராஜு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தான். "தெரியும்ங்க. அதான் உக்கார வெச்சுக் கேக்கறேன். பஞ்சாலைய நிக்க வெச்சுல்ல கேட்டோம்."

லுக்குட் போலீஸ் நிலையத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் ஒரு இளம் வெள்ளைக்காரன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேசையில் டின், எண்ணெய், போர்வை. இவற்றோடு சேறு படிந்த கம்பளி உடை ஒன்று. நாய் சேற்றில் புரண்டு கோட்டைக் கழற்றிவிட்டு, தானாகவே பங்களாவுக்குத் திரும்பிவிட்டிருந்தது. கிடந்த கோட்டை ரோந்துப் படை கண்டெடுத்து, நாலு ஓட்டைகளுக்கு இராணுவக் காரணம் தேடிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் எதற்கு?" என்று இங்கிலீஷில் கேட்டான் இன்ஸ்பெக்டர்.

"குளிர்காலத்துக்கு, சார்," என்றார் கிராணி, சுத்தமான இங்கிலீஷில்.

இன்ஸ்பெக்டர் தலைக்கு மேல் சுற்றிய காற்றாடியைப் பார்த்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். இப்படிச் செய்யச் சொன்னது யார் என்று கேட்டான்.

ஒரு வரியில் வெளியே வந்திருக்கலாம். ஆனால் துரைசானியின் பெயரைப் போலீஸ்காரன் எழுதிக்கொள்வதா? எழுதினால் துரை என்ன நினைப்பார்? சிவசிதம்பரம் வாயை மூடிக்கொண்டார். அந்தக் காலத்தில் அந்த மேசைக்கு முன்னால் வாயை மூடியவர்களைக் கம்யூனிஸ்ட் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அவரை லாக்கப்பில் போட்டார்கள். அவருக்குக் கொடுத்த சோற்றில் கருவாடு கிடந்ததால் பட்டினி கிடந்தார்.

நாலாம் நாள் துரை மலையிலிருந்து இறங்கி நேராக லுக்குட்டுக்கு வந்தார். துரைசானியும் கூட வந்தாள். கம்பிக்கு வெளியே நின்று அவர் கேட்டார்: "சிவா, என் மனைவி சொல்லியா இதைச் செய்தாய்?"

துரைசானி சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை, சார். என்னுடைய சொந்த யோசனை."

இந்த விசுவாசத்துக்குக் கூலி உண்டு என்று அவர் நம்பினார். துரை ஒரு வார்த்தை சொன்னார். கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்தார். தோட்டத்துக்கு வரும் வழியிலேயே, லுக்குட் வெயிலில் நாய்க்குக் கம்பளி போடும் யோசனை சொந்தமாக வரும் ஆளிடம் தோட்டக் கணக்கைக் கொடுக்க முடியாது என்று தீர்மானித்துவிட்டார். சாயங்காலமே கணேசமூர்த்தி பெரிய கிராணி.

வீட்டில் மங்கையற்கரசி சோறு போட்டாள். கிராணி மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். முகத்தில் வருத்தமே இல்லை.

"வேலை போச்சுதோ?" என்றாள்.

"கணேசமூர்த்திக்குக் குடுத்திட்டார். துரை யோசிக்காமல் செய்வாரே?"

"உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவர்." கையை நக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவ்வளவு வருஷத்தில துரை என்னைப் பற்றி முகத்துக்கு நேர சொன்னது இதுதான் முதல் தடவை."

"என்னெண்டு?"

"மடையன் எண்டு."

மங்கையற்கரசி மோர்ச் சட்டியை எடுக்க உள்ளே போனாள்.

"இங்கிலீஷில சொன்னவர்," என்றார் கிராணி, உள்ளே கேட்கும்படி.