மரவள்ளிப் பெட்டி

சல்லி மீனவர் கரையில் ஐஸ் பெட்டியை இறக்கிவைத்த அன்றே இன்ஷிரா கேலிக்கு ஆளானாள். குளிரைக் காக்கப் பெட்டியின் சுவருக்குள் அடைக்கும் பொலியூரிதேன் நுரை வழக்கமாகப் பெற்றோலிய எண்ணெயிலிருந்து வருவது. கிண்ணியாவிலுள்ள தன் சின்னப் பட்டறையில் அவள் அந்த எண்ணெயில் ஒரு பங்கைக் குறைத்து, மூதூர் மரவள்ளி மாவைப் பக்குவப்படுத்திச் சேர்த்திருந்தாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் படகுக்காரன் சிவரூபன் குறுக்கிட்டான்.

"தங்கச்சி, இதுக்குள்ள மீன் போடுறதோ, புட்டு அவிக்கிறதோ?"

கரையே சிரித்தது. இன்ஷிராவும் சிரித்தாள். ஆனால் சும்மா விடுகிற ஆள் அல்ல அவள்.

அடுத்த வாரம் ஒரே அளவில், ஒரே நீலத்தில் இரண்டு பெட்டிகளோடு வந்தாள். மாவு சேராத சாதாரணப் பெட்டியில் 'மரவள்ளி' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தாள். மாவு சேர்த்த பெட்டியில் ஒன்றும் ஒட்டவில்லை. இரண்டிலும் ஐஸை நிரப்பி, கடலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்று சிவரூபனிடமே கொடுத்தாள்.

படகு திரும்பியபோது ஆட்கள் கூடிவிட்டார்கள். மரவள்ளிப் பெட்டியில் ஐஸ் தண்ணீராகிவிட்டது என்றான் சிவரூபன். மூடியைத் திறந்தாலே அவித்த கிழங்கு மணக்கிறதாம். மற்றப் பெட்டி தங்கமாம். பாரை மீன் அப்படியே விறைத்துக் கிடக்கிறதாம்.

"அண்ணன், நீங்க தங்கம் எண்டு சொன்னதுதான் மரவள்ளி. மற்றது கடைச் சாமான்" என்றாள் இன்ஷிரா.

முதலில் சிரித்தது அவன் மனைவி இரத்தினேஸ்வரிதான். அப்படியென்றால் கிழங்கு மணம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்க, சிவரூபன் வலையை உதறுவதில் மும்முரமானான்.

இன்ஷிராவின் குதூகலம் அதிகம் நீடிக்கவில்லை. பெட்டிகளை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டுத் தொலைத்தாள்.

"பேர் ஒட்டினதை வெயிலுக்க போட்டனான். மூடியும் இறுக்கேல்ல. உருப்படாத சாமானுக்கு என்ன கவனம்?"

அவள் முகம் சுருங்கியது. வெயிலில் திறந்து கிடந்தால் எந்தப் பெட்டியில்தான் ஐஸ் நிற்கும்? தன் குறும்பே தன் சோதனையைக் கெடுத்துவிட்டது. மாவு வெல்லவில்லை; அவள் ஒட்டிய பெயர்தான் மற்றதைத் தோற்கடித்தது.

வேறு வழியில்லாமல் அடுத்த முறை அவளே படகில் ஏறினாள். துணைக்கு இரத்தினேஸ்வரியும் வந்தாள். இரண்டு பெட்டிகளும் ஒரே படங்குத் துணியின் நிழலில், பக்கத்தில் பக்கத்தில். கோணேசர் மலை கண்ணுக்குச் சிறுக்கும் முன்பே இன்ஷிராவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். இரத்தினேஸ்வரி நீட்டிய, புளிப்பு மணக்கும் தேசிக்காயை முகர்ந்தபடி, தவழ்ந்துபோய்ப் பெட்டிகளுக்குள் வைத்திருந்த வெப்பமானிகளைப் பார்த்தாள். மறுபடியும் விளிம்புக்கு ஓடினாள். மரவள்ளிப் பெட்டி மயிரிழை பின்தங்கியது. ஆனால் கரைக்கு வரும்வரை இரண்டிலும் மீன் ஒரே விறைப்பு.

முடிவு என்னவென்று கரையில் நின்றவர்கள் கேட்டார்கள். இன்ஷிரா மணலில் குந்தி, இன்னும் தேசிக்காயை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"மாவு தாங்குது" என்றான் சிவரூபன். "மாவுக்காரிதான் தாங்கேல்ல."

சொல்லிவிட்டு, மரவள்ளிப் பெட்டியை ஒருவரையும் கேட்காமல் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். மணலில் குந்தியிருந்த இன்ஷிராவுக்கு அவனைத் தடுக்கவும் தெம்பில்லை, மனமும் இல்லை.