ரஷீதா பேகத்தின் இரண்டாவது கர்ப்பப்பை

அரசாங்கக் காப்பீட்டுத் திட்டத்தின் கம்ப்யூட்டர் ஒரு பெண்ணுக்கு ஒரு கர்ப்பப்பைதான் ஒதுக்கியிருக்கிறது. ரஷீதாவுக்கு ஒதுக்கியதை நான்கு வருஷத்துக்கு முன்பே வெட்டி எடுத்தாகிவிட்டது என்று அது அடித்துச் சொன்னது. செம்பூர் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு மேஜையில் இருந்த கீதா, திரையையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இதுல உங்களுக்கு யூட்ரஸ் எடுத்தாச்சுன்னு போட்டிருக்கு. ரிப்போர்ட்ல அதே யூட்ரஸ்ல கேன்சர்னு போட்டிருக்கு. ரெண்டும் எப்படி ஆன்ட்டி சரியா இருக்கும்?"

எது சரி என்று ரஷீதாவுக்குத் தெரியும். அதுதான் வம்பு.

தாராவியில் அவள் குடியிருக்கும் சந்தில் ஏணி இரவல் போகும், கேஸ் சிலிண்டர் இரவல் போகும், கல்யாணத்துக்கு நகைகூடப் போய்விட்டு வரும். பேரையும் இரவல் கொடுக்கலாம் என்று ரஷீதாவுக்குத் தோன்றியது, தங்கை நுஸ்ரத் வந்து மடியில் விழுந்து அழுத பிறகுதான்.

நுஸ்ரத் கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். கர்ப்பப்பையில் கட்டி, உதிரப்போக்கு நிற்கவில்லை, எடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஊரிலும் காப்பீடு இருக்கிறது, ஆஸ்பத்திரி இருக்கிறது. கூடவே ஊர் வாயும் இருக்கிறதே. அவள் கணவர் அப்துல் வாஹித் சவூதியில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் பரீஹாவுக்குப் பிறகு ஓர் ஆண்பிள்ளை வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருக்கிற மனுஷர். அவர் காதுக்குப் போகாமல் காரியம் முடியவேண்டும். அதனால் நுஸ்ரத் பம்பாய்க்கு ரயிலேறினாள். கிட்னியில் கல் என்று ஊருக்கும் சவூதிக்கும் ஒரே சேதி போனது.

அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் உம்மாவின் முகம். ரஷீதாவின் காப்பீட்டு அட்டையில் முக்காடு போட்டு இருக்கும் போட்டோ ரஷீதாவா, நுஸ்ரத்தா என்று பெற்றவளே தடுமாறியிருப்பாள். அப்போது அந்த ஆஸ்பத்திரியில் கைரேகை வைக்கும் மெஷினும் வந்திருக்கவில்லை. வார்டில் "ரஷீதா பேகம்" என்று நர்ஸ் கூப்பிட, கட்டிலில் கிடந்த நுஸ்ரத் கையைத் தூக்கினாள். நிஜ ரஷீதா பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்தத் துணிச்சலை நினைத்து இருவரும் வீட்டுக்கு வந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தையல் பிரிந்துவிடும், சிரிக்காதே என்று ரஷீதாதான் அதட்டினாள். நாற்பது நாள் கோழி சூப்பு வைத்துக் கொடுத்துத் தேற்றி அனுப்பியவளும் அவள்தான்.

இப்போது கீதா குரலைத் தாழ்த்தினாள். அவள் கெட்ட பெண் இல்லை.

"நெஜத்த எழுதிக் குடுத்தா கமிட்டிக்கு அனுப்புவேன். யாருக்கு ஆபரேஷன் நடந்துதோ அவங்களும் ஒத்துக்கிட்டு எழுதணும். அப்புறம் இந்த ஆபரேஷனுக்கு உங்க அட்டையத் திறந்துவிட்டாலும் விடுவாங்க. கேஸ் போட்டாலும் போடுவாங்க. என்னால சத்தியம் எல்லாம் பண்ண முடியாது."

"எழுதலைன்னா?"

"கம்ப்யூட்டர்ல இல்லாத உறுப்புக்கு யாரும் பாஸ் பண்ண மாட்டாங்க, ஆன்ட்டி."

வீட்டில் புருஷன் நாகூர் மீரான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "இதெல்லாம் வேண்டாம்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். அப்போது அவர் கேட்டதெல்லாம், ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி பிடிக்கட்டுமா என்பதுதான். பை தைக்கும் கார்கானா ஒன்று அவருக்கு இருந்தது. அதிலுள்ள மெஷின்களை எல்லாம் விற்றாலும் ஆபரேஷனுக்குப் பாதிகூடக் காணாது. இலவசமாகப் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரியில் வரிசை மழைக்காலம் தாண்டி நின்றது. அவ்வளவு நாள் இது பொறுக்காது என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

ரஷீதா தங்கைக்குப் போன் போட்டாள். நோயின் பேரைக் கேட்டதும் நுஸ்ரத் ஓவென்று அழுதாள். அந்த அழுகையில் பொய் இல்லை.

"அழாதளா. நீ ஒரு வரி எழுதிக் குடு, போதும். அந்த ஆபரேஷன் உனக்குத்தான் நடந்துச்சுன்னு எழுது."

அழுகை நின்றுவிட்டது.

"லாத்தா, அவுக காதுக்குப் போயிரும்லா?"

"போனாப் போகட்டும். எனக்கு உசுரு போற காரியம்."

"வர்ற லீவுலயாவது பிள்ளை தங்கும்னு அவுக இன்னமும் நம்பிக்கிட்டு இருக்காக, லாத்தா. இத்தன வருசமா ஏமாத்திட்டியேன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? என்னைய வீட்டுல வச்சிருப்பாகளா?"

"உங்கிட்ட நான் இப்படிக் கணக்குப் பாத்தனாளா?"

"நீ பெரிய மனசுக்காரி லாத்தா. உன்ன மாதிரி எனக்கு வராது." மூக்கை உறிஞ்சினாள். "நான் ஒண்ணு செய்யுதேன். ஜமாத்துல உன் பேரச் சொல்லி ஜகாத்து கேட்டு அனுப்புதேன்."

தன் பேர் வெளியே வரக்கூடாதாம். அக்காவின் பேரைப் பள்ளிவாசல் வசூலில் வாசிக்கலாமாம். ரஷீதாவுக்கு நெஞ்சு கொதித்தது. இருந்தாலும் கூடப்பிறந்தவளாயிற்றே, பயத்தில் பிதற்றுகிறாள் என்று பொறுத்துக்கொண்டாள். அதோடு போனை வைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். நுஸ்ரத் வைக்கவில்லை.

"பைசானப் பத்தி மட்டும் நீ கவலையே படாத, லாத்தா. உனக்கு ஒண்ணு ஆயிட்டாலும் நான் இருக்கேன்லா. அவன இங்க கூட்டிட்டு வந்து எங்க பிள்ளையா வளத்துக்கிடுதோம். அவுகளுக்கும் ஆம்பளப்பிள்ளை இல்லைங்கிற குறை தீந்துரும்."

மறுமுனையில் நுஸ்ரத் ஆறுதலை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்; அதுதான் தாங்க முடியவில்லை. தான் இன்னும் சாகவில்லை, அதற்குள் பிள்ளையைப் பங்கு வைத்தாயிற்று. எதிரே மகன் பைசான் கால் நீட்டிப் படுத்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தான்.

மறுநாள் புருஷனிடம்கூடச் சொல்லாமல் செம்பூருக்கு பஸ் ஏறினாள். கீதாவுக்குத் தமிழ் எழுத வராது, ரஷீதாவுக்கு இந்தி எழுத வராது. இவள் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். நுஸ்ரத்தின் முழுப்பேர், ஊர், தெரு, எந்த வார்டு, எந்தக் கட்டில் வரைக்கும் ரஷீதா சொன்னாள். கீழே கையெழுத்தும் போட்டாள்.

"அவங்க எழுதித் தருவாங்களா, ஆன்ட்டி?"

"தரமாட்டா."

"அப்ப கமிட்டிலேர்ந்து போன் பண்ணிக் கேப்பாங்க. அவங்க நம்பர் குடுங்க."

"அவ எடுக்கமாட்டா. எடுத்தாலும் இல்லைம்பா."

கீதா பேனாவை உருட்டினாள். "அவங்க வீட்டுல வேற யாராவது இருக்காங்களா? ஹஸ்பெண்ட் நம்பர் இருந்தா நல்லது."

ரஷீதா பையிலிருந்து போனை எடுத்தாள். துக்கம் வரும் என்று பார்த்தாள், வந்தது சந்தோஷம். இவ்வளவு நாளாக வயிற்றுக்குள் கிடந்த பயம்கூட அந்த ஒரு நிமிஷம் காணாமல் போயிருந்தது. தான் இப்படிப்பட்டவளா என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அட்டை திறக்குமா என்று அவள் மறுபடி கேட்கவும் இல்லை.

"சவூதி நம்பர். முன்னால ஒம்போது ஆறு ஆறு போட்டுக்கோ" என்று சொல்லி, மீதியை நிறுத்தி நிதானமாக வாசித்தாள். கீதா திருப்பிப் படித்தபோது ஓர் எண் மாறியிருந்தது. ரஷீதா அதைத் திருத்தினாள்.

"எப்பக் கூப்பிட்டா எடுப்பாரு, ஆன்ட்டி?"

"சாயங்காலம் டியூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்துருவாரு. அப்பக் கூப்பிடச் சொல்லு. கண்டிப்பா எடுப்பாரு."