உடைய வேண்டிய ஷூ

ஆம்பூரில் செய்த ஷூவைப் போட்டு நடக்காத வெள்ளைக்காரன் கம்மி என்று ரஷீத் அஹமது அடிக்கடி சொல்வார். ஏற்றுமதி ஷூவுக்கு முதல் மாதிரி செய்யும் சாம்பிள் ரூமின் மாஸ்டர் அவர்; சொன்னால் தொழிற்சாலையே தலையாட்டும். அங்கே குவாலிட்டி பார்க்கும் ஜெயசீலன் அந்தச் செவ்வாய்க்கிழமை தலையாட்டவில்லை. கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில், மாஸ்டரின் டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கவரை வைத்தார். கூடவே ஜெயசீலனின் மகள் பூங்குழலி நின்றிருந்தாள்.

கவருக்குள் பாலே நடனக்காரிகள் போடும் பிங்க் ஷூ ஒன்று இருந்தது, வலது காலுடையது. கட்டைவிரல் நுனியில் நின்று ஆடுவதற்காகச் செய்தது. முனை நொந்த வாழைப்பழம் மாதிரி அமுங்கியது.

பூங்குழலிக்குப் பத்தொன்பது வயது. மூன்று வருடமாக ஞாயிறுதோறும் ரயிலேறிச் சென்னைக்குப் போய்ப் பாலே கற்றுக்கொண்டிருந்தாள். "பரதம் இருக்க, இது எதுக்கு?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்டவர் வீட்டில் ஒருவருக்கும் பரதமும் தெரியாது. வருகிற ஞாயிறு சென்னையில் தேர்வு. நாற்பது பெண்களில் இரண்டு பேரை எடுத்து, தங்கவைத்து, ஒரு வருடம் முழுநேரமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். பத்தொன்பது தாண்டினால் விண்ணப்பிக்க முடியாது. புது ஷூ வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் ஆகும்.

"லெஃப்ட் இன்னும் ஒரு வாரம் தாங்கும் மாஸ்டர். ரைட் செத்துப்போச்சு" என்றாள்.

"ஜோடியாவே வேணும் பாய்" என்றார் ஜெயசீலன். "ரெண்டு காலும் ரெண்டு கலர்ல இருந்தா நானே ரிஜெக்ட் பண்ணுவேன்."

மாஸ்டர் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல லெஃப்ட் எது, ரைட் எது?"

"ரெண்டுக்கும் ஒண்ணுதான் மாஸ்டர்."

சின்னப் பெண்ணின் குறும்பு என்று அதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மற்றவர்கள் பேனா வைக்கிற பையிலிருந்து கத்தியை எடுத்து ஷூவைக் கிழித்தார். உள்ளே துணி, காகிதம், பசை, ஓர் அட்டைத்துண்டு. அவ்வளவுதான்.

"அடப்பாவிங்களா! இன்னாம்மா இது, கல்யாணப் பத்திரிகையா? எங்கூர் செக்யூரிட்டி போடற செருப்பு இதவிட ஸ்ட்ராங்கு. நாப்பது வருஷ சர்வீஸ் எனக்கு. பாத்துக்க, பண்ணித் தர்றேன்."

வியாழக்கிழமை ஒரு ஷூ வந்தது. அடியில் இரும்புப் பட்டை. மடக்கிப் பார்க்கும் மெஷினில் ஐம்பதாயிரம் தடவை மடக்கியும் கீறல் விழவில்லை என்று மாஸ்டர் கடை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். பூங்குழலி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். பாதி உயரத்தில் நின்றுவிட்டாள். மெஷினுக்கு மடிந்த ஷூ அவள் காலுக்கு மடியவில்லை, ஆகவே காலும் மடியவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர், "கால்ல கட்டு போட்ருக்குதா பாப்பா?" என்று அனுதாபப்பட்டார்.

"இது ஆகாது மாஸ்டர். என் காலோட சேர்ந்து இது மடியணும். மடிஞ்சி மடிஞ்சி உடையணும்."

"இன்னாது?"

"உடையணும் மாஸ்டர். பத்து நாள்ல."

நாற்பது வருடமாக உடையாத ஷூ செய்து பெயர் வாங்கியவரிடம் சொல்லத்தக்க வார்த்தை இல்லைதான். மாஸ்டர் டீயை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போனார். கல்லாவில் இருந்தவர் உட்பட எல்லோரும் பூங்குழலியை முறைத்தார்கள். "மன்னிப்பு கேட்டுடுடி" என்றார் அப்பா.

"எதுக்குப்பா? ஞாயித்துக்கெழம மன்னிப்புமேல ஏறியா நிக்க முடியும்?"

மறுநாள் மாஸ்டர் போன இடத்திலெல்லாம் போய் நின்றாள். தொழுகை முடிந்து பள்ளிவாசலிலிருந்து வந்தவரிடம் ஒரு தாளை நீட்டினாள். அட்டை எத்தனை அடுக்கு, எந்த இடத்தில் வளைய வேண்டும், முனை எவ்வளவு அகலம் என்று அளவோடு வரைந்திருந்தாள். அவர் திட்டுவதற்காக வாயைத் திறந்தார். அளவுகள் சரியாக இருந்தன. வாயை மூடிக்கொண்டு தாளை மடித்துப் பையில் வைத்தார்.

சனிக்கிழமை சாயந்திரம், ஷிப்ட் முடிந்து கேட்டைப் பூட்டியபின், டீக்கடையில் புது ஷூ கைமாறியது. ஷூவுக்கு உள்ளே தைக்கும் லைனிங் துணியில் செய்த, ஒட்டக நிற ஷூ. ஒன்றே ஒன்று.

"இன்னொண்ணு பாய்?" என்றார் ஜெயசீலன்.

"இன்னொண்ணா?"

சாம்பிள் என்றால் ஒற்றைக் கால்தான், அதுவும் இடது கால். அந்தத் தொழிற்சாலையின் வேதம் அது. ஜோடியாக வெளியே போனால் திருட்டு, ஒற்றையாகப் போனால் சாம்பிள். நாற்பது வருடம் பழகிய கை ஒன்றைச் செய்து முடித்ததும் தானாக நின்றுவிட்டிருந்தது. அடியில் பெரிதாக 'எல்' என்று முத்திரையும் குத்தியிருந்தது.

"ரைட்டுதானே பாய் செத்தது! நீங்க லெஃப்ட் பண்ணி வெச்சிருக்கீங்களே!" ஜெயசீலன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் பூட்டிக்கிடந்த கேட்டைப் பார்த்தார். சாவி முதலாளியிடம். முதலாளி ஏற்காட்டில்.

பூங்குழலி ஷூவை வாங்கி, டீக்கடைக் கருங்கல் படியில் ஓங்கி அறைந்தாள்.

"யா அல்லா! கோவத்த ஷூமேல காட்டாதம்மா!"

"கோவம் இல்ல மாஸ்டர். புதுசா இருந்தா சத்தம் போடும். இப்படித்தான் பழக்கணும்." இன்னும் நாலு அறை. நடுவில் பிடித்து மடக்கினாள். அட்டை 'படக்' என்றது, மாஸ்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு 'எல்' முத்திரை குத்திய ஷூவை வலது காலில் மாட்டினாள். பழைய ஷூவை இடது காலில். பெஞ்சைத் தொடவில்லை. எழும்பி, வலது கட்டைவிரல் நுனியில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"அன்னிக்கே சொன்னேனே மாஸ்டர், ரெண்டுக்கும் ஒண்ணுதான்னு."

மாஸ்டர் அவள் கால்களை மாறி மாறிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில், தலைமை விருந்தினர் நடனம் ஆன்மாவின் மொழி என்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் விளக்கினார். மற்ற பெண்கள் பயிற்சி செய்து சூடேற்றி வைத்திருந்த தசைகள் ஆறிப்போயின. பூங்குழலி மட்டும் கடைசி வரிசை நாற்காலிக்குப் பின்னால் குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தாள்.

அவள் முறை வந்ததும் நடுவர் அம்மா கண்ணாடியை இறக்கினார். "ஒரு கால் பிங்க், ஒரு கால் பிரவுன். இதுதான் உன் டிசிப்ளினா? எந்த கம்பெனி ஷூ அது?"

"ஆம்பூர், மேடம். ஒண்ணுதான் கிடைச்சுது. கலர் தப்புதான். நிக்கிறனான்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

இசை தொடங்கியது. ஒட்டக நிற முனைமேல் அவள் ஏறினாள். ஒன்றரை நிமிடமும் ஷூ அவளோடு மடிந்தது, அவளோடு நிமிர்ந்தது. கடைசிச் சுழற்சியில் உள்ளே ஏதோ முறிந்தது. அது அவளுக்கு மட்டும் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றி முடித்து, அசையாமல் நின்றாள். நடுவர் அம்மா எதையோ எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

நான்கு மணிக்கு ஒட்டிய பட்டியலில் இரண்டாவது பெயர் அவளுடையது. ஜெயசீலன் அதை மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, மாஸ்டருக்குப் போன் போட்டு மகளிடம் கொடுத்தார்.

"மாஸ்டர், சாம்பிள் பாஸு."

"கமெண்ட் இன்னா சொன்னாங்க?" ஷூ வாங்கும் எந்த வெளிநாட்டுக் கம்பெனியிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி அது.

"கலர் மேட்ச் ஆகலயாம். அடுத்தது ரெண்டா பண்ணுங்க."

"பண்ணலாம், பண்ணலாம். ஷூ எப்படிக்கீது?"

"உடைஞ்சிடுச்சி மாஸ்டர்."

"ஒரே நாள்ல ஒடைச்சிட்டியா?" என்றார் ரஷீத் அஹமது. "பத்து நாள்னு சொன்னியேம்மா... சரி. இன்னும் ஒரு அடுக்கு அட்ட சேக்கறேன். எங்க ஒடைஞ்சிதுன்னு கோடு போட்டு எடுத்துக்கினு வா."