கோப்பையில் கடைசி எண்

அம்மா போய்ச் சேர்ந்த பிறகு வீட்டைக் காலி செய்ய அண்ணனும் தங்கையும் வந்திருந்தார்கள். மரச்சாமான், துணிமணி எல்லாம் அண்ணன் பாடு. சாப்பாட்டு அறை அலமாரியில் இருந்த பழைய கண்ணாடிக் கோப்பைகள் தங்கை பாடு. ஏலக் கம்பெனியில் கண்ணாடிச் சாமானுக்கு வயது சொல்வதுதான் அவள் பிழைப்பு. லென்ஸும் டார்ச்சும் எப்போதும் கைப்பையிலேயே கிடக்கும்.

"இது எப்படி, குட்டி?" என்று அண்ணன் ஒன்றை நீட்டினான். தங்கைக்கு ஐம்பது தாண்டிவிட்டது, தலையும் பாதி நரைத்தாயிற்று. அவனுக்கு இன்னும் குட்டிதான்.

அவள் நகத்தால் வருடிப் பார்த்தாள். "மணலைப் பீய்ச்சி அடிச்ச பூ. சொரசொரன்னு எல்லா இடமும் ஒரே ஆழம். நேத்துப் பொறந்தது."

"அப்பா நூறு வருஷம்னு சொல்லுவாரே."

"அப்பா எதைத்தான் நூறு வருஷம்னு சொல்லல."

இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரித்தது அன்றைக்கு அதோடு சரி.

மேல்தட்டில் கடைசியாக நின்றது அவளுடைய கோப்பை. சுற்றிலும் கொடி, நடுவில் அவள் பெயர், கீழே அவள் பிறந்த வருஷம். அம்மா அவளை அடித்ததில்லை, பட்டினி போட்டதில்லை. மடியில் எடுத்து வைத்துக்கொண்டதும் இல்லை. "ஏய், இந்தா" என்பாள், அவ்வளவுதான். சின்ன வயதில் மனசு விட்டுப்போன நாளெல்லாம் அவள் அலமாரிக் கண்ணாடி வழியே இந்தக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். வேண்டாத பிள்ளையின் பெயரை யாராவது கூலி கொடுத்து வெட்டி வைப்பார்களா? அம்மாவுக்குத் தன்மேல் பாசம் உண்டு என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அது. தொட மட்டும் அம்மா விட்டதில்லை. உடைத்துவிடுவாளாம். அலமாரி பூட்டியே கிடந்தது.

"அதுல பார்க்க என்ன இருக்கு? உன்னோடதுதானே, பையில வை" என்றான் அண்ணன், கொஞ்சம் அவசரமாக.

தொழில் செய்த கை சும்மா இருக்குமா? கவிழ்த்தாள். அடியில், ஊதிய பிறகு இரும்புக் கோலிலிருந்து உடைத்தெடுத்த தழும்பு. பாதத்தின் விளிம்பில், வைத்து வைத்து எடுத்த கீறல்கள், ஆளுக்கொரு திசையில். தாத்தாவுக்கும் மூத்த கோப்பை. கொடி செப்புச் சக்கரத்தில் வெட்டியது, இலைக்கு இலை ஆழம் வேறு. பெயர் வெகுகாலம் கழித்து வெட்டியது. அதுவும் அவள் எதிர்பார்த்ததே.

விரல் வருஷத்தின் மேல் போனபோது ஓரிடத்தில் லேசாகப் பள்ளத்தில் இறங்கியது. வெளிச்சத்தில் பிடித்தாள். ஜன்னல் கம்பியின் நிழல் அங்கே மட்டும் வளைந்து தெரிந்தது. பெயரும் முதல் மூன்று எண்களும் ஒரு கை, வெட்டு சாம்பல் பூத்திருந்தது. கடைசி எண் வேறு கை, வெள்ளையாக, கூராக. டார்ச்சைச் சாய்த்து அடித்ததும் ஏழுக்கு அடியில் ஒரு மூன்றின் வயிறு மங்கலாக எழுந்து வந்தது.

கம்பெனியில் என்றால் "தேய்ச்சு எடுத்துட்டு மேல வெட்டியிருக்காங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பாள். இப்போது கோப்பையை அண்ணன் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"அண்ணா, இது யாரோடது?"

அண்ணன் கையிலிருந்த பழைய பேப்பரைக் கீழே வைத்தான்.

"உனக்கு முன்னால ஒருத்தி இருந்தா. மூணு வயசுல ஜுரம் வந்து போயிட்டா. அடுத்த வருஷம் நீ. அவதான் திரும்பி வந்துட்டான்னு அம்மா ஒத்தக் கால்ல நின்னா. அதே பேரு. கிளாஸைக் கொடுத்து வருஷத்தை மட்டும் மாத்தச் சொன்னா."

"அப்புறம்?"

"நீ வளர்ந்த. மூக்கு வேற, சிரிப்பு வேற. அப்புறம் அந்தப் பேரை அம்மா வாயில எடுக்கவே இல்ல. சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா."

அவளுக்குச் செத்தவள் மேல் பொறாமை, உயிரோடு இல்லாத அம்மா மேல் கோபம். இரண்டையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

"எனக்குன்னு என்னதான் வச்சீங்க? ஒரே ஒரு எண்ணா?"

"அப்படியில்ல, குட்டி" என்றான் அண்ணன். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீயும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையே."

"பழக்கம், குட்டி."

"ஒரு தடவை கூப்பிடு."

"வேண்டாம்."

"கூப்பிடுண்ணா."

அண்ணன் கோப்பையைப் பார்த்தான். பிறகு கூப்பிட்டான். விளையாட வரச்சொல்லி அடுத்த அறையில் இருக்கும் சின்னக் குழந்தையைக் கூப்பிடும் பையனின் குரல். அறுபது வயதுத் தொண்டையில் அது இத்தனை காலம் எங்கே கிடந்ததோ. கூப்பிட்டவன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கி அழுதான்.

பள்ளிக்கூடத்திலும் கம்பெனியிலும் ஆயிரம் முறை அந்தப் பெயருக்குத் திரும்பியவள் அவள். "என்ன" என்பது வாய்வரை வந்து நின்றுவிட்டது. அண்ணன் கூப்பிட்டது அவளை இல்லை.

கோப்பையை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு கீழ்த்தட்டிலிருந்து அடுத்ததை எடுத்தாள்.