குன்றுக்குப் பின்னால் கருப்பு

வரப்புத் தகராறில் உறவு முறிந்தது என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆனால் இந்தத் தம்பிக்காரனும் அவன் அக்கா புருஷனும் முறைத்துக்கொண்ட இடத்தில் மனிதன் காலே வைத்ததில்லை. அது கோடிக்கணக்கான மைல் தள்ளி இருக்கும் ஓர் எரிமலை நிலா. விண்கலம் எடுத்தனுப்பும் படங்களைப் பார்த்து அதற்கு நிலவியல் வரைபடம் போடுவதுதான் இருவருக்கும் பிழைப்பு.

மேற்குத் தாள் தம்பிக்காரனுக்கு, கிழக்குத் தாள் மாமாவுக்கு. இரண்டும் ஒட்டுகிற இடத்தில் ஒரு குன்று நின்று தொலைத்தது. அதன் பின்னால் கருப்பாக ஒரு பட்டை. எரிமலைக் குழம்பு அங்கேயும் ஓடியிருக்கிறது என்று மாமா குழம்பின் எல்லைக் கோட்டை, குன்றுக்கு அப்பால் இருந்த ஒரு பள்ளத்தின் விளிம்புவரை இழுத்துவிட்டார்.

"மாமா, அது குன்றோட நிழல். குழம்பு அடிவாரத்தோட நின்னுடுச்சு."

"நிழலா? இத்தனை வருஷம் நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா வேலை பாத்தேன்?"

பேச்சு தடித்தது. மாமா கோட்டை அழிக்கிறவரை அவர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று இவன் சபதம் போட்டான். மடையன்! சபதம் போட்டது வாய், காய்ந்தது வயிறு. ஞாயிறுதோறும் அக்கா கையால் சாப்பிட்ட உடம்பு கடைச் சாப்பாட்டில் வாடிப்போனது. அக்கா போனில் கேட்டாள்: "ஏன்டா, அங்க யாராச்சும் குடியிருக்காங்களா? பத்திரம் யார் பேர்லடா இருக்கு?" சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். வைக்கும்போது குரல் கம்மிவிட்டது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஒரு மதியம், மாமா டீ குடிக்கப் போயிருந்தபோது, புதுப் படங்கள் இரண்டு வந்தன. முதல் படத்தில் வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து விழுந்தது. குன்றுக்குப் பின்னால் கருப்பே இல்லை, மஞ்சள் தரை பளிச்சென்று கிடந்தது. நிழலேதான்! துள்ளி எழுந்தவன் மேசையில் முட்டியை இடித்துக்கொண்டு, அந்த வலியிலும் சிரித்தான்.

இரண்டாவது, சில மாதம் கழித்து எடுத்த படம். திறந்தான். சிரிப்பு அப்படியே நின்றது. இடையில் எரிமலை மறுபடி கக்கியிருந்தது. குழம்பு குன்றைச் சுற்றிக்கொண்டு ஓடி, சொல்லிவைத்தாற்போல மாமாவின் கோட்டில் போய் நின்றிருந்தது. கொஞ்சம் தள்ளி நிற்கக் கூடாதா?

"அடப்பாவி! உனக்கு மாமா என்ன லஞ்சம் குடுத்தாரு?" என்றான் எரிமலையிடம்.

முதல் படத்தை மட்டும் காட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டாவது படத்தை மூடுகிற பொத்தானுக்குக் கை போகத்தான் செய்தது. ஆனால் வரைபடம் கடைசிப் படத்தின்படிதான் இருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டையும் அச்செடுத்துக் கொண்டுபோய் மாமாவிடம் நீட்டினான்.

மாமா முதல் படத்தை ஒதுக்கினார். இரண்டாவதைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் முழுக்கச் சுற்றினார். வாட்ச்மேன்கூடத் தப்பவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல! எரிமலை ஓடுறதுக்கு முன்னாடியே கோடு போட்டவன் நான்!"

கோடு நிலைத்துவிட்டது, சபதம்தான் அழிந்தது. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அதே பாட்டு. தம்பிக்காரன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். காது எரிந்தது, வயிறு குளிர்ந்தது. ஒருவழியாக மாமா கை கழுவ எழுந்தார்.

அக்கா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். "நீ சொன்னதுதான்டா சரி."

"உனக்கு எப்படிக்கா தெரியும்? படத்தைப் பாத்தியா?"

"எனக்கெதுக்குப் படம்?" சுவரைக் காட்டினாள். கல்யாண போட்டோ ஒருபக்கமாகச் சாய்ந்து தொங்கியது. "அவர் மாட்டினது. நேராத்தான் இருக்குன்னு இன்னைக்கும் சாதிக்கிறார். வீடு ஒருபக்கம் சாஞ்சா அதுவும் நேராயிடும். நீ சாப்பிடு."