டாரா கீஃபர் அடித்த கடைசிப் பந்து

வழியனுப்பு ஆட்டத்தன்று வழக்கப்படி கடைசி ஆண்டு ஆட்டக்காரிகளைப் பெற்றோர் கைபிடித்து மைதானத்துக்குள் அழைத்து வந்தார்கள். டாரா கீஃபரின் அப்பா பால்பண்ணையிலிருந்து நேராக வந்திருந்தார். ஒரு கையில் செவ்வந்திக் கொத்து, மறு கையில் மகளின் முழங்கை. அவள் வலது முழங்காலில் இரும்புப் பட்டை.

பென்சில்வேனியாவில் இருக்கும் எங்கள் கல்லூரி பெற்ற மிகச் சிறந்த ஹாக்கிக்காரி அவள். தேசிய அணித் தேர்வுக்கு அழைப்பு வந்த வாரத்தில்தான் முழங்கால் தசைநார் இரண்டாம் முறையாகக் கிழிந்தது. இனி விளையாடவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இன்னும் ஒரே ஒரு கோல் போட்டால் கல்லூரியில் அதிகக் கோல் போட்ட சாதனை அவளுடையது.

அதனால் இரண்டு பயிற்சியாளர்களும் பேசி வைத்திருந்தார்கள். விசில் ஊதியதும் எல்லாரும் அப்படியே நிற்பது. டாரா ஒரு கோல் போடுவது. பதிலுக்கு நாங்களும் ஒன்றை விட்டுக்கொடுப்பது. அவள் வெளியேறிய பிறகு நிஜமான ஆட்டம்.

"என்னடி நொண்டி மகாராணி, பந்தைத் தட்டுல வச்சு நீட்டவா?" என்றேன்.

"நீ தள்ளி விடு மேவ். உன்னோட பாஸ் என்னைக்கு நேரா வந்திருக்கு? நானே தேடிப் பிடிச்சுக்கிறேன்."

சிரித்தாள். மட்டையைத் தரையில் பதித்துக் குனிந்தாள்.

விசில். பந்தைத் தள்ளினேன். அசையாமல் நின்ற பெண்களுக்கு நடுவே அவள் காலை இழுத்து இழுத்துப் பந்தோடு நடந்தாள். கோலுக்கு முன்னுள்ள வட்டத்துக்குள் போனதும் நின்றாள். எதிரணிக் கோல்கீப்பர், முதலாண்டு மாணவி, கம்பத்தோரம் ஒதுங்கி நின்றாள்.

"அங்க ஏன் நிக்கிற?"

"இப்படித்தான் நிக்கச் சொன்னாங்க."

"நடுவுல வா. வந்து தடு."

"ஐயோ, அடிச்சிடுங்களேன். எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நெசமாத் தடு. இல்லன்னா அடிக்க மாட்டேன்."

அந்தப் பெண் தன் பயிற்சியாளரைப் பார்த்தாள். பிறகு நடுவில் வந்து குனிந்தாள்.

டாரா அடித்தாள். இடது மூலை, தரையோடு தரையாக. அவளுக்குப் பிடித்த இடம் அது. போன வருடம் அந்தப் பந்தை யாரும் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது எல்லாராலும் பார்க்க முடிந்தது. கோல்கீப்பர் காலை நீட்டினாள். பந்து அவள் கால்கவசத்தில் பட்டு ஓரமாக உருண்டது.

எங்கோ ஒருவர் கைதட்டத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். கோல்கீப்பர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டாரா அவள் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு எல்லைக் கோட்டுக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன்.

அவள் அப்பாவின் முகம் சிவந்திருந்தது. "கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? சும்மா கிடைச்சதை எதுக்கும்மா..."

பக்கத்தில் நின்ற சில பெண்கள், என்ன மானமுள்ள பெண் என்று முணுமுணுத்தார்கள். அது அவள் காதிலும் விழுந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா," என்றாள். "உள்ள போயிடும்னுதான் நெனச்சேன்."

அவர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். பூக்கொத்து இருவருக்கும் நடுவே நசுங்கியது. பின்னால் நிஜமான ஆட்டத்தைத் தொடங்க நடுவர் விசிலை ஊதினார். நான் ஓட வேண்டியிருந்தது.