செவ்வகம் திரும்பும் இடம்

சிவசங்கரன் சாரின் சிவப்புப் பேனா நோரா வரைந்த படிக்கட்டின் குறுக்கே போனது. அதோடு நிற்காமல் படிக்கட்டில் பாதியை வெட்டி, வெட்டிய பாதியைப் பக்கத்துக் கடையோடு சேர்த்து, ஓர் அம்புக்குறியும் போட்டுவிட்டுத்தான் ஓய்ந்தது.

"போன வாரமே சொன்னேனேம்மா. வாடகை வீட்டுக்கு எதுக்கு இவ்வளவு அகலமா ஸ்டேர்கேஸ்? இதென்ன ஆஸ்பத்திரியா?"

"இல்ல சார்."

"லிஃப்ட் குடுத்திருக்க. சட்டப்படி வேண்டிய அகலமும் விட்டாச்சு. அதுக்கு மேல விடறதெல்லாம் வேஸ்ட். கீழ பாரு, ரோட்டைப் பாத்த மாதிரி இவ்வளவு பெரிய இடம், பேரு கூட எழுதாம காலியா கெடக்கு. அங்க ஒரு கஃபே போடு. பில்டிங்குக்கு உயிர் வரும்."

"ஓகே சார்."

"காரணம் ஏதாவது இருந்தா சொல்லு. நான் கேக்கறேன்."

உண்மையிலேயே கேட்பவர்தான். பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். நோராவின் பின்னால் இன்னும் நான்கு பேர் தாள்களைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். காரணம் அவளிடம் இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தும் விட்டது.

"மாத்திடறேன் சார்," என்றாள்.

கட்டடக்கலைப் படிப்பில் நான்காம் வருடம். இந்தப் பருவத்துக்குக் கொடுத்த வேலை, லிங்கராஜபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு காலி மனையில் கீழே கடைகள், அதற்கு மேல் சமுதாயக் கூடம், அதற்கும் மேலே வாடகை வீடுகள் என்று எல்லாம் சேர்ந்த ஒரு கட்டடம். மனையின் பெயரைக் கேட்டதும் நோராவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் வீடு அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. வகுப்பில் மற்றவர்கள் அளவெடுக்க ஒருநாள் வந்து, வெயிலைத் திட்டிவிட்டுப் போனார்கள். அவளுக்கு அந்த மனையில் மாடு படுக்கும் மூலை கூடத் தெரியும்.

சார் சேலத்துக்காரர். வகுப்பில் ஆங்கிலம் பேசுவார். நோரா தமிழ் என்று தெரிந்ததிலிருந்து அவளிடம் மட்டும் தமிழ். அந்த அன்புதான் அவளுக்குச் சங்கடமாக இருந்தது. ஆங்கிலமென்றால் வார்த்தை கிடைக்கவில்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளலாம்.

"ஏய், பிடுடி, விட்டுத்தள்ளு," என்றாள் வகுப்புத் தோழி வீணா, கேன்டீனில். கோபம் வந்தாலும் சிரிப்பு வந்தாலும் அவளுக்கு முதல் சொல் கன்னடத்தில்தான் வரும். "அவர் கேட்டத போட்டுக் குடு, மார்க்க வாங்கு, போய்ட்டே இரு. நெஜமா கட்டவா போறாங்க? என் ஷீட்ட பாரு. அதுல இருக்கற ஆளுங்க எல்லாரும் வெள்ளக்காரங்க, கையில பலூன். நம்ம ஏரியால எவ பலூன் புடிச்சிக்கிட்டு சமுதாயக் கூடத்துக்கு வர்றா? நெட்ல கெடச்சத ஒட்டினேன். சார் 'வெரி லைவ்லி'ன்னாரு."

நோரா சிரித்தாள். அந்தக் காரணத்தை அவள் வீணாவிடமும் சொன்னதில்லை.

அவர்கள் வீடு மூன்றாம் மாடி. படிக்கட்டு என்பது ஓனர் எல்லா அறைகளையும் கட்டி முடித்த பிறகு மிஞ்சிய இடத்தில் செருகியது. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் திரும்புவார். அப்பா கடைசியாக இந்தப் படிகளில் இறங்கியது நாற்காலியில் உட்கார்ந்து.

இரண்டு வருடம் ஆகிறது. அப்பாவின் பெயர் டிரேவர். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் ஓட்டியவர். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து படுத்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. டாக்டர் வந்தார், போனார். சாயங்காலம் சவப்பெட்டி வந்தது. பெட்டி முதல் திருப்பத்தையே தாண்டவில்லை. போர்வையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள். நடுவில் தொய்ந்தது, தூக்கியவர்கள் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். மறுபடி உள்ளே கொண்டுபோய்க் கிடத்தினார்கள். இரண்டாம் மாடியிலிருந்து யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள். அம்மாவின் புடவையால் மார்போடு கட்டினார்கள். "நிமித்துங்கப்பா, நல்லா நிமித்துங்க," என்று நோயல் மாமா சொல்லிக்கொண்டே வந்தார். நோரா முன்பக்கம், அப்பாவின் காலைப் பிடித்தபடி பின்னோக்கி இறங்கினாள். அப்பாவின் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. ஒவ்வொரு படிக்கும் தலை லேசாக அசைந்தது. யார் எது சொன்னாலும் சரி, சரி என்று தலையாட்டுகிறவர். அன்றைக்கும் அப்படித்தான் தெரிந்தது.

கீழேயும் கிடத்த இடமில்லை. கேட்டுக்கு வெளியே, நிறுத்தியிருந்த வண்டிகளை நகர்த்திவிட்டு, ரோட்டிலேயே பெட்டியை வைத்துத் தார்ப்பாய் கட்டினார்கள். ஜெபம் நடக்கும்போது ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன.

நாற்காலிக் கால் உரசிய கோடு திருப்பத்துச் சுவரில் கொஞ்ச நாள் இருந்தது. பிறகு ஓனர் பெயிண்ட் அடித்தார். அம்மாவும் அவளும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அதனால் நோராவின் படிக்கட்டு அழகுக்காக அகலமானதல்ல. படி வரைவதற்கு முன்பே அவள் ஒரு செவ்வகம் வரைந்திருந்தாள். ஆறரை அடி நீளம், இரண்டடி அகலம். இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வட்டங்கள், தூக்குகிறவர்களின் தோள்கள். அந்தச் செவ்வகத்தை மேல் மாடியிலிருந்து ஒவ்வொரு திருப்பமாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துத் திருப்பிக் கீழே இறக்கினாள். லாரி வளைவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்ப்பார்களே, அப்படி. எங்கே சுவரில் இடித்ததோ அங்கே சுவரைத் தள்ளினாள். கடைசிச் செவ்வகம் போய்ச் சேரும் இடம்தான் சார் பேர் கேட்ட அந்தக் காலி இடம். மேலே கூரை, ரோட்டிலிருந்து இரண்டு படி உயரம், ஹாரன் கொஞ்சம் தள்ளிக் கேட்கும். கம்ப்யூட்டரில் வரைபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. திரையில் தெரிந்து, தாளில் அச்சாகாத ஒரு லேயரில் கோடுகளைப் போட்டு வைக்கலாம். செவ்வகங்கள் எல்லாம் அந்த லேயரில் இருந்தன. அவளுக்கு மட்டும் தெரியும்.

சார் கடைசியாகப் பார்த்தபோது படிக்கட்டு இன்னும் குறையவில்லை. அவர் கோபப்படவில்லை. "உன் இஷ்டம்மா. வெளியிலேர்ந்து வர்ற ஜூரி கிழிச்சுடுவாங்க. அப்பறம் வருத்தப்படாத," என்றார். கோபப்பட்டிருந்தால் ஒருவேளை பிடிவாதமாக இருந்திருப்பாள்.

சமர்ப்பிக்க ஒருநாள் இருக்கும்போது சுவரை உள்ளே நகர்த்தினாள். கடை பெரிதாயிற்று. காலி இடத்தில் "கஃபே" என்று எழுதி, இரண்டு மேசையும் குடையும் போட்டாள். கை அது பாட்டுக்கு வேலை செய்தது. உள்ளே எதையோ போட்டு மிதிக்க வேண்டும் போலிருந்தது. யாரை மிதிப்பது? சாரையா, ஓனரையா, ஓகே சார் என்ற தன் வாயையா? அட்டையில் செய்த மாடல் அகலமான படிக்கட்டோடு ஏற்கெனவே ஒட்டி முடிந்திருந்தது. அதைப் பிரிக்க நேரமில்லை. "மாடல்ல படிய எவன்டி அளக்கறான்?" என்றாள் வீணா. ஃபைல் திறக்க அடம்பிடித்ததால் நோரா எல்லாக் கோடுகளையும் ஒரே லேயருக்கு மாற்றி, பிரிண்ட் கடைக்கு அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலை தாள்களைச் சுவரில் குத்திவிட்டு இரண்டடி பின்னால் வந்தபோதுதான் பார்த்தாள். ஒரே லேயருக்கு மாற்றியதில் அவையும் சேர்ந்துகொண்டு, செவ்வகங்கள் அச்சாகியிருந்தன. எல்லா மாடியிலும், கறுப்பாக, தோள் வட்டங்களோடு. அகலப் படிக்கட்டுக்கு வரைந்தவை இப்போது குறுகலான படிக்கட்டின் மேல் கிடந்தன. திருப்பங்களில் சுவரைத் துளைத்துக்கொண்டு ஒரு முனை பக்கத்து வீட்டுச் சமையலறைக்குள் நின்றது. கடைசி ஒன்று கஃபே மேசைகளின் மேல் குறுக்காகப் படுத்திருந்தது.

கழற்ற நேரமில்லை. அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஜூரியாக மதிப்பிட வந்தவர் புனேயைச் சேர்ந்த ஓர் அம்மையார். காதில் பென்சில் செருகியிருந்தார். தாள் முன்னால் குனிந்து பார்த்துவிட்டு, இவை என்ன, சோஃபாவா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நோரா வாயைத் திறப்பதற்குள், அப்படியென்றால் உங்கள் சோஃபா பக்கத்து வீட்டில் காபி குடிக்கப் போகிறது என்றார். வகுப்பு சிரித்தது. வீணா மட்டும் சிரிக்காமல் நோராவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மையார் மாடலுக்குத் திரும்பினார். மாடலில் படிக்கட்டு தெரிவதற்காக நோரா ஒரு பக்கச் சுவரை வைக்காமல் விட்டிருந்தாள். அதற்குள் எட்டிப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

இங்கே ஒரு படிக்கட்டு, அங்கே ஒரு படிக்கட்டு. இதில் எது உன்னுடையது?

குரலில் கேலி இல்லை. நோரா மாடலைக் காட்டினாள்.

ஏன்?

எல்லா ஆங்கிலச் சொற்களும் அவளுக்குத் தெரியும். எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த சின்னச் சொற்கள். ஒன்றுகூட வரவில்லை. வந்தது வேறு.

"படுத்துக்கிட்டே எறங்கணும் மேடம். உக்கார வச்சி எறக்கக் கூடாது."

அம்மையார் புரியாமல் சாரைப் பார்த்தார். சார் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் ஒரு செவ்வகத்தில் தொடங்கி, வட்டங்களைத் தொட்டு, திருப்பம் திருப்பமாகக் கீழே இறங்கி, கஃபேயில் வந்து நின்றதை நோரா பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லிவிடுவார். தன்னால் முடியாததை அவர் சொல்லிவிடுவார்.

வீடு மாறுகிறவர்கள் கட்டில், பீரோவை இறக்குவதைச் சொல்கிறாள் என்றார் சார், ஆங்கிலத்தில்.

அம்மையார் முகம் மலர்ந்தது. அருமை, வாடகை வீடுகளில் இது நிஜமான பிரச்சினை, யாரும் யோசிப்பதில்லை என்றார். கீழே அந்த இடத்தில் கஃபேக்குப் பதிலாக டெம்போ நிற்க வழி விட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அடுத்த முறை தாளில் எழுத வேண்டும், படிப்பவர்கள் ஊகிக்க மாட்டார்கள். அடுத்த பெயர்?

இல்லை என்று சொல்ல நேரம் இருந்தது.

"தேங்க் யூ மேடம்," என்றாள் நோரா.

சாப்பாட்டு இடைவேளையில் சார் வராந்தாவுக்கு வந்தார்.

"வீட்ல யாரும்மா?"

"அப்பா சார்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. எத்தன தடவ கேட்டேன்."

"கேட்டீங்க சார். வரல."

"அங்க அதச் சொல்லியிருந்தேன்னா, அவங்க பில்டிங்க விட்டுட்டு உன்னப் பாக்க ஆரம்பிச்சிருப்பாங்க. பாவம்னு மார்க் போடுவாங்க. அது உனக்கு வேணாம்னுதான்…"

"ஆனா அது பீரோ இல்ல சார்."

அவரிடம் அவள் 'ஆனா' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சார் அவளைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"தெரியும்மா," என்றார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

நல்ல மார்க் வரும் என்று வீணா சொன்னாள். ஆட்டோவில் மாடலை இருவர் மடியிலும் வைத்துக்கொண்டு வந்து, கேட்டில் இறக்கி வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் நோராவின் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு அதே ஆட்டோவில் போனாள். நோரா வழி முழுக்க வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். சார் மேல் கோபப்படலாமா கூடாதா என்று கூடத் தெரியாதது, கோபத்தைவிட எரிச்சலாக இருந்தது.

அம்மா எலிசபெத், கிளினிக்கில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். மேலிருந்து இறங்கி வந்து அட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"இன்னாடி இது, இம்மாம் பெருசா கீது?"

"மெதுவாம்மா. ஒட்டினது கொட்டிடும்."

அம்மா மேலே, நோரா கீழே. முதல் திருப்பத்தில் அட்டை நின்றது. ஒரு மூலை சுவரில் முட்டியது, இன்னொரு மூலை கைப்பிடிக் கம்பியில். இந்தப் பக்கம் இழுத்தார்கள், அந்தப் பக்கம் தள்ளினார்கள். நகரவில்லை.

"சாச்சிப் புடிடி."

"சாச்சா உள்ள இருக்கற அட்டை ஆளுங்கல்லாம் உழுந்துடுவாங்கம்மா."

"அப்ப நிமித்து. நேரா நிமித்திட்டா தூக்கினு…"

அம்மா நிறுத்திக்கொண்டாள். நோரா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பெயிண்ட் அடித்த சுவர் இருவருக்கும் நடுவில் இருந்தது.

"நிமித்த வேணாம்மா," என்றாள் நோரா. சார் முன்னால் வராத குரல் இப்போது வந்தது. "எதுவானாலும் படுத்த வாக்குலதான் போணும்."

அட்டை சுவருக்கும் கம்பிக்கும் நடுவே தானாகவே மாட்டிக்கொண்டு நின்றது. அம்மா ஒரு கையை எடுத்தாள். சுவர் இல்லாத பக்கமாகக் குனிந்து, மாடலுக்குள் பார்த்தாள்.

"இது படிக்கட்டா?"

"ஆமா."

கீழே இரண்டாம் மாடிக்காரர் காய்கறிப் பையோடு வந்து நின்றார். "என்னா ஆண்டி, ட்ராஃபிக் ஜாமா? நான் போலாமா?"

"ஒரு நிமிஷம் இருங்க," என்றாள் எலிசபெத், திரும்பாமல்.

ஆள்காட்டி விரலைக் கிடையாக நீட்டி மாடலின் மேல் மாடியில் வைத்தாள். படி படியாக இறக்கினாள். திருப்பம் வந்தபோது மெதுவாக வளைத்தாள். விரல் எந்தச் சுவரிலும் படவில்லை. அடுத்த திருப்பம். அங்கேயும் படவில்லை. கடைசிப் படியைத் தாண்டி, ரோட்டைப் பார்த்த அந்தக் காலி இடத்துக்கு வந்ததும், விரலை அங்கேயே கிடத்தினாள். எடுக்கவில்லை.